கண்ணாடி மாறினால் வண்டி மாறுமா?

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் வேலையில் அதிகத் தயக்கமில்லாமல் மாற்றப்படும் பாகம் கண்ணாடி. எஞ்சினை மாற்றலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசிப்பவர்கூட, ஓரம் வெளுத்து நடுவில் கீறல் விழுந்த முன்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை வாங்கிவிடுவார். ஒரு கண்ணாடி மாறியதால் வண்டி வேறு வண்டியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால்தான் பதில்கள் பிரிகின்றன. பாகங்கள் மாறிக்கொண்டே போகும் ஒரு பொருள் எதனால் அதே பொருளாக நிற்கிறது என்ற கேள்வியைக் கிரேக்கர்களும் பௌத்தர்களும் நியாயத் தரிசனத்தாரான நையாயிகர்களும் சமணர்களும் வெவ்வேறு காரணங்களுக்காக எடுத்து விவாதித்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் கப்பல், தேர், துணி, பானை. வீட்டுக் கொட்டகையில் நடக்கும் கண்ணாடி வேலையிலும் அதே கேள்வி, கைக்கு எட்டும் அளவில் கிடைக்கிறது.

இதற்கு ஏற்ற வண்டி, அமெரிக்காவில் செவ்ரோலே நிறுவனம் 1947ஆம் ஆண்டின் நடுவில் கொண்டுவந்து 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தயாரித்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசைப் பிக்கப் டிரக். அந்நாட்டில் வீட்டிலேயே வைத்துப் புதுப்பிக்கப்படும் டிரக்குகளில் அது பெயர்பெற்ற ஒன்று. 1953 வரை வந்த வண்டிகளில் முன்பக்கம் இரண்டு தட்டையான கண்ணாடிகள், நடுவில் ஒரு பிரிப்புப் பட்டை. 1954இல் அந்தப் பட்டை போய் ஒரே வளைந்த கண்ணாடி வந்தது. தட்டைக் கண்ணாடிக்கு அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு போனால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். வளைந்ததை அச்சில் வளைத்துச் செய்ததாகத்தான் வாங்க முடியும். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு முந்தைய வண்டிகள் கைக்கு அடக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி எப்படி உட்காருகிறது

கேபினின் தகட்டில் விடப்பட்ட திறப்பைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு ஓடுகிறது. கண்ணாடி அந்த விளிம்பை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பீடிங் இருக்கிறது. பீடிங்கில் ஒரு பள்ளம் கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வும்; எதிர்ப்பக்கப் பள்ளம் தகட்டு விளிம்பைக் கவ்வும். திருகு எதுவும் இல்லை. இந்த இரண்டு பிடியில்தான் கண்ணாடி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

பழைய கண்ணாடியை எடுக்க, வெயிலில் காய்ந்து இறுகிப்போன பீடிங்கைக் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். எடுத்ததும் கண்ணில் படுவது பெரும்பாலும் துருதான். பீடிங்குக்கு அடியில் தேங்கிய தண்ணீர் கீழ் மூலைகளை அரித்திருக்கும். துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தேய்த்துச் சமனாக்கி, ப்ரைமரும் பெயின்டும் அடித்து, அவை நன்றாகக் காய்ந்த பிறகுதான் கண்ணாடிக்கு வர முடியும். விளிம்பில் ஒரு மேடு மிச்சமிருந்தாலும் அழுத்தம் முழுக்க அந்த இடத்தில் விழும். மாட்டும்போதே விரிசல் ஓடலாம், அல்லது வண்டி முதல் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஓடலாம்.

புதுப் பீடிங்கை வெயிலில் சற்று இளகவிட்டுக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிறார்கள். தகட்டு விளிம்பைக் கவ்வ வேண்டிய பள்ளத்துக்குள் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விடுகிறார்கள். ரப்பர் வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. வெளியே நிற்பவர் உள்ளங்கையால் கண்ணாடியைச் சீராக அழுத்திக்கொண்டிருக்க, கேபினுக்குள் இருப்பவர் கயிற்றின் ஒரு முனையை மெல்ல இழுக்கிறார். கயிறு வர வர, ரப்பரின் உள் மடிப்பு தகட்டு விளிம்பின் மேல் ஏறி இந்தப் பக்கம் விழுகிறது. நேர் ஓரத்தில் இது சுலபமாக நடக்கும். மூலைகளில் கயிறு திணறும். அங்கே அவசரப்பட்டு இழுத்தால் ரப்பர் கிழியும். கயிறு முழுவதும் கைக்கு வந்ததும் கண்ணாடி தானாக நிற்கிறது. பிறகு குழாய்த் தண்ணீரை அடித்து ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

தத்துவத்துக்கு முக்கியமான கணம் கயிறு வெளியே வந்து முடியும் இடம். அதற்கு முன் அது கடையிலிருந்து வந்த கண்ணாடி. அதற்குப் பின் அது வண்டியின் முன்கண்ணாடி. கண்ணாடிக்குள் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது அது இருக்கும் உறவு. ஒரு பொருள் இன்னொன்றின் பாகமாவது என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரபும் சொல்லும் விடையை இந்தக் கணத்தில் வைத்துச் சோதிக்கலாம்.

பாகம் போனால் முழுமையும் போகும்

கிரேக்க மரபில் இந்தக் கேள்வியின் புகழ்பெற்ற வடிவம் தீசியஸின் கப்பல். தீசியஸ் திரும்பிவந்த கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் பாதுகாத்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை எடுத்துப் புதிய பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்பதில் தத்துவவாதிகள் இரு பிரிவானார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சர்ச்சை இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்தார்.

இந்தியாவில் இதற்கு மிகக் கறாரான விடை தந்தவர்கள் நியாய, வைசேஷிகத் தரிசனத்தார். அவர்களுக்கு முழுமை என்பது பாகங்களின் குவியல் அன்று. பாகம் அவயவம், முழுமை அவயவி. அவயவி தன் அவயவங்களில் சமவாயம் என்ற பிரிக்க முடியாத உறவால் தங்கியிருக்கும் தனிப் பொருள். ஆகவே முழுமை உண்மையானது, பாகங்களிலிருந்து வேறானது. ஆனால் இந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இழைகளில் புதியதொரு துணி பிறக்கிறது. அதே துணி என்று கண் சொல்வது ஒப்புமையால் வரும் எண்ணம்.

இந்தக் கணக்கை அப்படியே கொட்டகைக்குள் கொண்டுவந்தால், பீடிங்கை அறுத்துக் கண்ணாடியை எடுத்தபோது ஒரு வண்டி அழிந்தது. கண்ணாடியில்லாத வண்டி ஒன்று பிறந்தது. புதுக் கண்ணாடி உட்கார்ந்தபோது அதுவும் அழிந்து மூன்றாவது வண்டி பிறந்தது. அதேசமயம் வண்டிக்குப் பெயின்ட் மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. பச்சைப் பானை சூளையில் சிவக்கும்போது என்ன நடக்கிறது என்பதில் இந்த இரு தரிசனங்களும் தமக்குள் வேறுபட்டன. பானை அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மறுபடி பானையாகச் சேர்கின்றன என்றது வைசேஷிகம். பானை பானையாக இருந்தபடியே நிறம் மாறுகிறது என்றது நியாயம். நியாயத்தின் வழியில் பார்த்தால் குணம் மாறுவதை முழுமை தாங்கிக்கொள்ளும். பாகம் மாறுவதைத் தாங்காது.

இந்த விடையின் பலம், கண்ணாடி வண்டியோடு சேரும்போது உண்மையாகவே புதிதாக ஒன்று நடக்கிறது என்று ஒப்புக்கொள்வது. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பழுதுபார்ப்பது என்றால், பழுதுக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒரு பொருளுக்குச் செய்வது. ஒவ்வொரு பாகம் மாறும்போதும் பொருள் அழிந்து வேறொன்று பிறக்கிறது என்றால், யாரும் எதையும் பழுதுபார்த்ததாகச் சொல்ல முடியாது. பழையதை அழித்துப் புதியதை உண்டாக்கியதாகவே சொல்ல வேண்டும். ஒப்புமையே நடைமுறைக்குப் போதும் என்று நையாயிகர் மறுமொழி சொல்லலாம். அப்படிச் சொன்னால், உலகம் தினமும் செய்யும் ஒரு வேலையின் அர்த்தம் வெறும் தோற்றத்தில் நிற்கிறது என்றாகிவிடும். முழுமை உண்மையானது என்று வாதாடிய தரிசனத்துக்கு அது வசதியான இடம் அன்று.

வண்டி என்பது ஒரு பெயர்

இதற்கு நேர் எதிரான விடை பௌத்தத்தில் உண்டு. மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில், இந்தோ-கிரேக்க அரசன் மினாண்டரும் நாகசேனர் என்ற பிக்குவும் உரையாடுகிறார்கள். அரசன் வந்த தேரைக் காட்டி, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று நாகசேனர் கேட்கிறார். எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அவற்றைத் தவிர்த்து வேறொன்று தேரா என்றாலும் இல்லை. பாகங்களைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர் என்ற முடிவுக்கு அரசன் வருகிறான். மனிதரும் அப்படித்தான் என்பதைக் காட்டவே அந்த உரையாடல்.

இந்த நோக்கில், கண்ணாடி மாறிய வண்டி அதே வண்டியா என்ற கேள்வி தவறான இடத்தில் நின்று கேட்கப்படுகிறது. 'அதே'யாக இருப்பதற்கு வண்டி என்ற தனிப் பொருள் முதலிலேயே இல்லை. மாற்றத்தைப் பற்றி அந்த நூல் தரும் விடையும் இதனோடு சேர்ந்தது. இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஒன்றும் அன்று, முற்றிலும் வேறும் அன்று. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று எழும் தொடர்ச்சி அது.

பௌத்த விடை பழம்பொருள் சேகரிப்பவரின் ஒரு நோயைக் குணப்படுத்தும். தொழிற்சாலையில் முதல் நாள் பொருத்திய திருகு ஒவ்வொன்றிலும் வண்டியின் ஆன்மா குடியிருப்பதாக நம்பி, மழைநீர் ஒழுகும் பீடிங்கைக்கூட மாற்ற மனமில்லாமல் இருப்பவருக்கு நாகசேனரின் கேள்விகள் மருந்து. ஆனால் வண்டி வெறும் பெயர் என்பதால் அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று பௌத்தம் சொல்லவில்லை. உலக வழக்கில் நிற்கும் உண்மைக்கும் சரி, தவறு உண்டு. புதுக் கண்ணாடியைப் பழையது என்று விற்பது அந்த வழக்கிலும் பொய்தான். எந்தத் தொடர்ச்சி நல்ல தொடர்ச்சி, எது அறுந்த தொடர்ச்சி என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு அப்படியே மிச்சம் இருக்கிறது.

நிலைப்பதும் மாறுவதும் சேர்ந்தே

சமணர்கள் இரு தரப்பையும் பாதி ஏற்றுப் பாதி மறுத்தார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இருப்பு என்பதையே தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் கூடியதாக வரையறுக்கிறது. பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 'அதே' என்றும் 'வேறு' என்றும் சொல்லலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதே பிழை. தமிழில் இந்த வழக்கை எடுத்து நடத்தும் நூல் நீலகேசி. அதன் நாயகி ஒருவர் பின் ஒருவராகப் பௌத்த ஆசிரியர்களையும் பிற சமயவாதிகளையும் வாதுக்கு அழைக்கிறாள். எல்லாம் கணத்தில் அழிவது என்ற கொள்கைக்கு எதிராகச் சமணர் வைத்த முக்கியமான ஆட்சேபம், செய்தவன் ஒருவன், பயனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகிவிடும் என்பது. தேரும் பானையும் வெறும் உதாரணங்கள். உண்மையில் பேசப்பட்டது வினையையும் பயனையும் இணைக்கும் இழை எது என்பதே. சமயங்கள் இந்தக் கேள்வியை இவ்வளவு ஊன்றிப் பிடித்ததற்குக் காரணமும் அதுவே.

ஐரோப்பாவில் ஜான் லாக், தன் 'மனித அறிவு பற்றிய ஆய்வுரை'யின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகோல் போதாது என்று காட்டினார். ஒரு பருப்பொருள் கட்டியிலிருந்து ஒரு துகள் போனாலும் அது அதே கட்டி அன்று. மரத்துக்கு அப்படி இல்லை. துகள்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரே உயிரில் பங்குகொள்ளும் ஒழுங்கு தொடர்ந்தால் அது அதே மரம். கடிகாரம் போன்ற எந்திரமும் ஒரு நோக்கத்துக்காகப் பாகங்கள் ஒழுங்காக அமைந்தது. ஆனால் அதன் இயக்கம் வெளியிலிருந்து வருகிறது. மனித ஆளுமைக்கு லாக் வைத்த அளவுகோல் நினைவு. டேவிட் ஹியூம் இதை மேலும் நுட்பமாக்கினார். அடிக்கடி பழுதுபார்த்துப் பெரும்பகுதி மாறிய கப்பலையும் அதே கப்பல் என்று மனம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பாகங்கள் எல்லாம் ஒரு பொது நோக்கத்துக்காகக் கூடியிருப்பதே என்றார். மாற்றம் சிறிதாகவும் மெதுவாகவும் இருந்தால் மனம் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறது என்பதும் அவர் சொன்னதே.

கண்ணாடியை இந்த அளவுகோலில் வைத்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. வண்டிக்குள் கண்ணாடிக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது. திறப்பின் அளவு, விளிம்பின் வளைவு, பீடிங்கின் இரு பள்ளங்கள் எல்லாம் சேர்ந்து எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. அந்த இடம் கேட்கும் வடிவத்தில், அந்த இடம் கேட்கும் வேலையைச் செய்ய வந்த கண்ணாடி, வந்த கணத்திலேயே பாகமாகிறது. திறப்பை விட ஒரு சிறு அளவு பெரிதாக வெட்டிய கண்ணாடி எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்ட கண்ணாடிதான். மாற்றத்துக்குள் நிலைத்து நிற்பது புதியதை ஏற்றுக்கொள்ளும் இந்த ஒழுங்கு. பொருள் முழுக்க மாறினாலும் ஒழுங்கு அறாமல் இருந்தால் அதே வண்டி என்று சொல்லத் துணிவு வருகிறது.

ஒரு வண்டி இரண்டானால்

ஒழுங்கு மட்டும் போதுமா என்ற சந்தேகத்தைக் கிளப்பியவர் தாமஸ் ஹாப்ஸ். 1655இல் வெளிவந்த 'டி கார்போரே' நூலில் அவர் தீசியஸின் கப்பலுக்கு ஒரு திருப்பம் கொடுத்தார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவர் எடுத்துவைத்து, அதே வரிசையில் மறுபடி பொருத்தினால் இரண்டு கப்பல்கள் நிற்கும். இரண்டிலும் ஒழுங்கு ஒன்றே. ஒன்றில் பழைய மரம், மற்றொன்றில் பழைய தொடர்ச்சி. எது தீசியஸின் கப்பல்?

பழைய வண்டிகளின் உலகில் இது கற்பனை இல்லை. ஒரு வண்டியின் கேபின் ஒரு கொட்டகையிலும் சேஸிஸ் இன்னொரு கொட்டகையிலும் கிடப்பதும், இரண்டின் உரிமையாளர்களும் தம்முடையதே அசல் என்று சொல்வதும் உண்டு. நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இங்கே உதவும். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் கார்ப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர்பெற்றது. பந்தயக் காலத்திலேயே அதன் பாகங்கள் பல மாறின. 1932இல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் நேர்ந்த விபத்துக்குப் பின் அது வேறொரு உடலோடு மறுபடி கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதை வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது அசல் கார் இல்லை என்று பின்வாங்க, 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். 1929இல் ஓடிய பாகங்களில் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தது என்பதை அவர் ஏற்றார். ஆனாலும் புதிய பாகங்கள் காலப்போக்கில் சிறிது சிறிதாக முழுமைக்குள் கலந்ததால் கார் எந்தக் கட்டத்திலும் தன் அடையாளத்தை இழக்கவில்லை என்றும், அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறொரு கார் உலகில் இல்லை என்றும் கண்டார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன: தொடர்ச்சி அறாதிருக்க வேண்டும், போட்டியாளர் இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனை ஹாப்ஸுக்கு நேரான மறுமொழி. பழைய பாகங்களைச் சேர்த்து எவரும் இன்னொரு காரைக் கட்டியிருந்தால் வழக்கு இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் அதுதானா என்பது அந்தப் பொருளை மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியாது. உலகில் வேறென்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அரசாங்கம் இந்தச் சிக்கலை ஒரு சிறு தகட்டில் முடித்துவிடுகிறது. பழைய செவ்ரோலே டிரக்குகளில் வரிசை எண் பொறித்த தகடு கதவுத் தூணில் பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்காவில் எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரியான 17 எழுத்து எண் வந்தது 1981இல்தான். அதற்கு முன் சில மாநிலங்கள் எஞ்சின் எண்ணை வைத்தே உரிமைப் பத்திரம் கொடுத்தன. அப்படிப்பட்ட வண்டியில் எஞ்சினை மாற்றினால், காகிதத்தில் வண்டியே மாறிவிடும். கண்ணாடி மாறுவதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. எந்தப் பாகம் அடையாளத்தைச் சுமக்க வேண்டும் என்பதைப் பொருளின் இயல்பு தீர்மானிக்கவில்லை; வழக்கம் தீர்மானித்திருக்கிறது.

சடங்கு தரும் விடை

சமயங்கள் இதே சிக்கலை வாதத்தால் அல்லாமல் செயலாலும் தீர்த்திருக்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் நடக்கிறது. மூர்த்தியின் சாந்நித்தியத்தை ஆகம விதிப்படி கும்பத்துக்கு ஆவாகனம் செய்து, தற்காலிக இடத்தில் வைத்து வழிபாடு தொடர்கிறது. விமானம், மண்டபம் எல்லாம் பழுது நீக்கப்பட்டதும் கும்பாபிஷேகத்தில் அந்தச் சாந்நித்தியம் திரும்புகிறது. கல்லும் சுதையும் எவ்வளவு மாறினாலும் கோயில் அதே கோயில், ஏனென்றால் அடையாளத்தைச் சுமப்பது கல் என்று ஆகமம் ஒருபோதும் சொல்லவில்லை. ஜப்பானின் இசே ஆலயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழுது வரும்வரைகூடக் காத்திருக்காமல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிய மரத்தில் முழு ஆலயத்தையும் கட்டி, தெய்வத்தை இடம் மாற்றுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை.

இரண்டிலும் தொடர்ச்சி தானாக நடப்பதில்லை. யாரோ அதைக் கையில் ஏந்திக் கடத்துகிறார்கள். கும்பத்தைச் சுமப்பவரும் அதைச் சாட்சியாக நின்று பார்ப்பவர்களும் இல்லாவிட்டால் புதிய கட்டடம் வெறும் கட்டடம். மனிதருக்கு லாக் சொன்ன நினைவு உண்டு. ஆலயத்துக்குச் சடங்கு உண்டு. டிரக்குக்கு இரண்டும் இல்லை. அதன் நினைவை மனிதர்கள்தான் வெளியே வைத்திருந்து காப்பாற்ற வேண்டும்.

நேர்மை என்ற பாகம்

இந்த இடத்தில் கேள்வி அறத்துக்குள் நுழைகிறது, அதற்கு வழிவிடுவது கண்ணாடியே. செவ்ரோலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கண்ணாடி கொடுத்தது லிப்பி-ஓவன்ஸ்-ஃபோர்டு. ஒரு மூலையில் நிறுவனத்தின் முத்திரையும், தயாரான மாதம், ஆண்டைச் சுட்டும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்று அதே முத்திரையையும் அதே தேதி எழுத்துகளையும் பொறித்துப் புதுக் கண்ணாடி விற்கிறார்கள். வாங்குபவர் தன் வண்டிக்குப் பொருந்தும் தேதியைச் சொன்னால் போதும்.

அந்தப் புதுக் கண்ணாடி பல வகையில் பழையதை விட மேலானது. 1950களின் தொடக்கத்தில் வண்டிக் கண்ணாடி, உருட்டி எடுத்த தட்டை இரு பக்கமும் தேய்த்து மெருகேற்றி உண்டாக்கப்பட்டது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல். இன்று வெட்டிக் கொடுப்பது அந்த மிதவைக் கண்ணாடி. முன்கண்ணாடி இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி; உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. தொடக்ககாலப் படலங்கள் வெயிலில் மஞ்சளித்தன. 1930களின் பிற்பகுதியில் வந்த பாலிவினைல் ப்யூட்டிரால் அந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது. பழைய வண்டிகளில் ஓரத்திலிருந்து வெண்மை படர்வது, இந்த ஒட்டு விட்டுப்போவதன் அடையாளம். அப்படிப்பட்ட கண்ணாடியை அசல் என்பதற்காக வைத்துக்கொள்வது எதிரில் வருபவரின் உயிரோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே மாற்றுவது கடமையாகவே ஆகலாம்.

மாற்றியதை மறைப்பது வேறு விஷயம். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் தொன்மைக் கட்டடங்களுக்கு வகுத்த விதி, இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைந்து போக வேண்டும், அதேசமயம் அசலிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய தேதி பொறித்த புதுக் கண்ணாடி முதல் பாதியை நிறைவேற்றி, இரண்டாம் பாதியை மீறுகிறது. கண்காட்சியில் தோற்றம் முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அந்தப் பொறிப்போடு, எந்த ஆண்டு எந்தக் கண்ணாடி மாற்றப்பட்டது என்ற குறிப்பும் வண்டியின் காகிதங்களில் சேர்ந்தால் ஏமாற்று இல்லை. குறிப்பு இல்லாமல் பொறிப்பு மட்டும் இருந்தால், வண்டிக்கு நடக்காத ஒரு வரலாறு கொடுக்கப்படுகிறது. நினைவில்லாத பொருளுக்குப் பொய் நினைவை ஊட்டுவது அதன் தொடர்ச்சியை அறுப்பதற்குச் சமம். அடுத்து வாங்குபவர் கையில் எடுப்பது வேறொரு வண்டியின் கதையாக இருக்கும்.

எல்லை எங்கே

ஒழுங்கு, தொடர்ச்சி, சாட்சி ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால் அடுத்தடுத்த நிலைகளுக்கு ஓரளவு தெளிவாக விடை சொல்லலாம். கீறல் விழுந்த கண்ணாடியை எடுத்து அதே அளவில் வேறொன்று வைப்பது பழுதுபார்ப்பு. வண்டி அதே வண்டி. நடுப் பட்டையை நீக்கி, இரண்டு கண்ணாடிகளையும் ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துப் பொருத்துவதும் சிலர் செய்வது. அங்கே கண்ணாடிக்கென்று இருந்த இடத்தையே மாற்றி எழுதுகிறார்கள். வண்டி அதுவாகவே இருக்கலாம், ஆனால் 1953ஆம் ஆண்டு வண்டியின் முகம் அதற்கு இல்லை. அதைத் திருத்தம் என்று சொல்ல வேண்டுமே தவிர மீட்பு என்று சொல்ல முடியாது. கேபினைத் தூக்கி வேறொரு நவீன டிரக்கின் சேஸிஸ் மேல் வைப்பதும் பரவலாக நடக்கிறது. அப்போது இரண்டு வண்டிகளின் வரலாறு ஓரிடத்தில் சேர்கிறது. எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்றதை விட்டுவிட்டதாகவே ஆகும். அங்கே ஒரே பெயருக்காக வாதிடுவதை விட இரண்டையும் எழுதி வைப்பதே சரி.

ஒவ்வொரு மரபும் இந்தக் கணக்கில் ஒரு பங்கைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பாகம் சேரும்போது புதிதாக ஒன்று நிகழ்கிறது என்பது நியாயத்தின் பங்கு. பாகங்களுக்கு அப்பால் தேட வேண்டிய மறைபொருள் ஏதும் இல்லை என்பது பௌத்தத்தின் பங்கு. நிலைப்பதும் அழிவதும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பது சமணத்தின் பங்கு. அடையாளத்தை யாராவது சுமந்து கடத்த வேண்டும் என்பதை ஆகமமும் இசேயும் காட்டுகின்றன. வண்டியின் விஷயத்தில் அந்தச் சுமை உரிமையாளருடையது. கண்ணாடியைத் தன் இடத்தில் சரியாக உட்காரவைப்பதும், அது புதியது என்று எழுதி வைப்பதும் அந்தச் சுமையின் இரு பாதிகள். இரண்டும் நடந்தால், எத்தனை கண்ணாடி மாறினாலும் வண்டி மாறவில்லை என்று சொல்ல நியாயம் உண்டு. ஒன்று விடுபட்டாலும் அந்த உரிமை குறைகிறது.